முதிர்வுத் தேதி இல்லாத மூன்று ஆடுகள்

திண்டிவனத்தில் தபால் அலுவலகச் சேமிப்புக் கவுண்ட்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். வட்டி எவ்வளவு, முதிர்வு எப்போது, நாமினி யார் என்று மூன்றே கேள்விகளில் ஒரு மனுஷனின் மொத்த எதிர்காலத்தையும் முடித்து அனுப்பிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வரிசையில் நிற்காதவனை நிற்க வைக்க அரசாங்கம் எனக்கு வேறு ஆயுதம் எதுவும் தரவில்லை. ஓய்வு பெற்ற அன்று அந்த வாயையும் கவுண்ட்டரிலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் யோசனைகளும் வரிசை கட்டி வந்தன. விக்கிரவாண்டி பக்கம் மனை போட்டிருக்கிறார்கள், இப்போதே வாங்கிப் போடு என்றான் தம்பி. நகையாக வாங்கு என்றாள் எதிர்வீட்டுக்காரி. நான் வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குச் சொன்ன அதே பத்திரங்களை நானே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் அலுவலகத்தில். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். அதற்கும் எரிச்சல் வந்தது.

அந்த நேரத்தில்தான் வானூர் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு என்னோடு வேலை பார்த்த தோழியுடன் போனேன். திரும்பும்போது வெயில் தாங்கவில்லை. சாலையோரம் ஓர் ஓவியக் கூடம் இருந்தது, உள்ளே ஏசி இருந்தது. கலை ஆர்வத்தில் போனோம் என்று சொன்னால் பொய்.

சுவரில் இருந்த ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் விலைச் சீட்டு. படிக்கப் படிக்க எனக்கு வியர்வை அடங்கி வேறு மாதிரி வியர்த்தது. கூடத்தை நடத்திய பெண் முப்பத்தைந்து வயதிருக்கும். கதர்ப் புடவை, வெட்டிய முடி. நம் ஊர் ஓவியர்களின் படங்களைச் சிலர் இப்போது முதலீடாகவும் வாங்குகிறார்கள், கேன்வாஸ் நமக்குக் கட்டாது, காகிதத்தில் வரைந்தது என்றால் நம்மைப் போன்றவர்களும் வாங்கலாம் என்று பொறுமையாகச் சொன்னாள். நான் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது அதுதான் முதல் முறை.

"எத்தனை வருஷத்துல மெச்சூரிட்டி?" என்று கேட்டேன்.

"அப்படி எதுவும் கிடையாது மேடம்."

"வட்டி?"

"கிடையாது."

"நாமினி போட முடியுமா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மேடம், விலை ஏறும்னு நான் கேரண்டி தர மாட்டேன். ஏறலாம், அப்படியே நிக்கலாம். உங்களுக்குப் பிடிச்சா மட்டும் வாங்குங்க."

இந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. முப்பத்தோரு வருடத்தில் பணம் கேட்டு வந்த எவனும் என்னிடம் இப்படி உண்மை பேசியதில்லை.

நான் தேர்ந்தெடுத்தது ஒரு மையோவியம். பனமலைப் பாறைச் சரிவில் மூன்று ஆடுகள். இரண்டு படுத்திருக்கும், ஒன்று மட்டும் நின்று தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும், யாருடா நீ என்பது போல. கீழே ஏரி, ஒரே இழுப்பில் போட்ட வெளிறிய நீலக் கோடு. சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு, வலது மூலையில் பென்சிலால் ஓவியரின் கையெழுத்து. மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துக் காட்டியபோது என் கணவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரு ஆடு லட்ச ரூபாவா?" என்றார். "உசுரோட வாங்கியிருந்தா இன்னேரம் குட்டி போட்டிருக்கும்."

"இதுவும் போடும். பாத்துக்கினே இருங்க" என்றேன்.

வாங்கினேனே தவிர, படத்தைப் பார்த்தது குறைவு. கூடத்துப் பெண் ஒரு பட்டியலே கொடுத்திருந்தாள். வெயில் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, வெறும் கையால் தொடக்கூடாது, புகை ஆகாது. எங்கள் ஹாலில் மாலை வெயில் நேராக விழும். அதனால் மாட்டவே இல்லை. தடித்த அட்டைக்குள் மெல்லிய தாளைச் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் படுக்க வைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அந்த அறைக்குள் போட விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடத்துக்கு போன் போட்டு விலை கேட்பேன். ஏறியிருக்கிறது என்பாள் அவள். அன்றைக்கெல்லாம் எனக்கு நடையே வேறு. பீரோவைக் கடந்து போகும்போது ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவேன்.

மூன்றாவது வருடம் ஐப்பசியில் மழை பிடித்தது. பீரோ இருந்த சுவரில் ஓத ஈரம் ஏறிவிட்டது. வீட்டுக் காகிதங்களைப் பாதுகாப்பது கல்யாணமான நாளிலிருந்தே அவர் இலாகா. பீரோவைக் காட்டி அவரிடம் சொன்னேன்: "இது உங்க பொறுப்பு. படத்துக்கு எதனா ஆச்சுன்னா, இந்த வீட்ல நீங்க இருக்கறதா நான் இருக்கறதான்னு முடிவு பண்ணிக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் நான் விளையாட்டாகப் பேசுவதும் நிஜமாகப் பேசுவதும் கேட்பவர்களுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும் என்று என் மகளே சொல்வாள்.

கார்த்திகை பிறந்தபோது அவர் ஆளே மாறியிருந்தார். மூன்று இட்லி சாப்பிடுபவர் ஒன்றோடு எழுந்தார். சட்டைக் காலரில் கழுத்து தனியாக ஆடியது. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், எதுவும் ஏறாது. செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். கேட்டால், "பழைய சிநேகிதக்காரர் ஒருத்தர பாக்கப் போறேன்" என்பார். நாற்பது வருடத்தில் நான் கேள்விப்படாத சிநேகிதர்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் இருந்தது. பிரம்மதேசத்தில் இருந்த அவருடைய அண்ணன் இப்படித்தான் மெலிந்தார், இப்படித்தான் சாக்குச் சொன்னார். வயிற்றில் கட்டி என்று அவர் மனைவிக்குத் தெரிந்தபோது பத்து நாள்தான் மிச்சம் இருந்தது. இவர்கள் குடும்பத்து ஆண்களுக்கு நோயை மறைப்பது ஒரு வீரம்.

ஒரு நாள் கொல்லையில் துணி எடுக்கப் போனேன். கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "வீட்ல இன்னும் சொல்லல சார். சொன்னா தாங்க மாட்டா. நீங்க இன்னொரு தபா நல்லா பாத்து சொல்லுங்க."

கையில் இருந்த துணியோடு அப்படியே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். எத்தனை ஆயிரம் பேரிடம், கண்ணைக்கூட நிமிர்த்தாமல், உங்களுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்கு என்று கேட்டிருக்கிறேன். என் வீட்டு மனுஷனிடம், உனக்கு என்ன உடம்பு என்று கேட்க வாய் வரவில்லை. அவர் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு வாரம் அந்தப் பயத்தோடுதான் சமைத்தேன், அவர் மிச்சம் வைத்ததைப் பார்த்து அழுதேன்.

பிறகு ஒரு காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு போன் போட்டேன். படத்தை விற்க வேண்டும், அவசரம் என்றேன். அந்தப் பெண் மறுநாளே திரும்பக் கூப்பிட்டாள். சென்னையில் ஒரு டாக்டர் குடும்பம் இந்த ஓவியரின் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, நான் கொடுத்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு தருவார்கள், சனிக்கிழமைக்குள் கொண்டுவாருங்கள் என்றாள். போனை வைத்துவிட்டு பீரோவைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டேன். மனை வாங்கியிருந்தால் இந்த மழையில் எவன் வந்து பார்ப்பான்? இதற்காகத்தான் இந்த ஆடுகள் என் கண்ணில் பட்டிருக்கின்றன என்று தோன்றியது. எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, எவ்வளவு ஆனாலும் சரி.

அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க. எனக்கு எல்லாம் தெரியும். ஒண்ணும் மறைக்க வேணாம்."

அவர் கை தட்டிலேயே நின்றது. "யாரு சொன்னாங்க?"

"யாரு சொன்னா இன்னா? நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். பரவாயில்ல. நான் படத்த விக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். சனிக்கிழமை குடுத்துட்டு, திங்கக்கிழமை உங்கள கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "படத்தயா?" என்றார். "விக்கறதுக்கா?" பிறகு, "ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?" என்றார்.

நான் அழத் தொடங்கிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மருத்துவ அறிக்கைகளைக் கொண்டுவரப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சாப்பாட்டு மேசையில், தோசைத் தட்டுக்குப் பக்கத்தில், மூன்று ஆடுகளும் பளபளவென்று மின்னின.

லேமினேட் செய்திருந்தார்.

எங்கள் வீட்டில் லேமினேட் ஆகாத காகிதம் கிடையாது. ரேஷன் கார்டு, மகளின் மதிப்பெண் பட்டியல், என் பிறப்புச் சான்று, ஜாதகங்கள், கறிவேப்பிலைச் செடிக்கு மருந்து அடிக்கும் முறை என்று எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான் இருக்கும். மகளின் பட்டியலை வெளிநாட்டுக்காரன் செல்லாது என்று திருப்பி அனுப்பி, அவள் மூன்று மாதம் அலைந்தாள். அப்போதும் இவருக்குப் புத்தி வரவில்லை. இந்த ஊரில் யாருக்கு வந்தது? ஒரு காகிதம் நமக்கு உயிர் என்றால் அதைத் தாலுகா ஆபீஸ் எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்ச் சூடு போட்டுக்கொண்டு வருவதுதானே நாம் அதற்குச் செய்யும் மரியாதை.

"சுவரு ஓதம் அடிச்சிடுச்சு" என்றார், தலை நிமிராமல். "அட்டையில பூஞ்சக் காளான் மாதிரி இருந்துச்சு. நீ வேற அப்படி சொல்லிட்ட. பயந்துக்கினு ஜல்தியா கடைக்கு எடுத்துக்கினு போனேன். இருக்கறதுலயே தடிமனா போடுன்னேன். மிஷினு சின்னது, உள்ள போவலன்னான். ஓரத்துல சும்மா வெள்ளையாத்தானே இருந்துச்சு. அதக் கொஞ்சம் வெட்டச் சொன்னேன்."

பார்த்தேன். சுற்றியிருந்த நாலு விரல் வெள்ளை ஒரு விரலாகியிருந்தது. கையில் குத்தாமல் இருக்க மூலைகளை வளைத்து வேறு வெட்டியிருந்தார்கள். அதில் ஓவியரின் கையெழுத்து போய், முதல் சுழி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் ஏரி கொஞ்சம் பொங்கி, கரையில் நாலைந்து குமிழ்கள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாளு நீ ஸ்பீக்கர்ல போட்டு அந்தப் பொண்ணுகிட்ட பேசினே. எவரோ படத்துல டேப் ஒட்டிட்டாங்க, பாதி வெல போயிடுச்சுன்னு அது சொல்லிச்சு. டேப்புக்கே பாதின்னா இதுக்கு இன்னான்னு அப்பத்தான் ஒறச்சுது. பெரிய பேஜாரா பூடுச்சு."

விழுப்புரத்துச் சிநேகிதர், பழைய போட்டோக்களைச் சீர் செய்து சட்டம் போட்டுத் தரும் கடைக்காரர். மஞ்சள் பையில் இருந்தவை வருடம் முடிந்த தினக் காலண்டர் அட்டைகள். அவற்றை எங்கள் ஊரிலேயே லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு போய், ஆடுகளைத் தொடும் முன், பிளாஸ்டிக்கை உரிக்க முடிகிறதா என்று அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டியிருக்கிறார்கள், ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மண்ணெண்ணெய் தடவியிருக்கிறார்கள். பதினோரு முருகன்களும் லட்சுமிகளும் முகம் உரிந்து போனார்கள். நம் ஆடுகளைத் தொட வேண்டாம் என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாராம். அதைத்தான் இன்னொரு தபா பாருங்கள் என்று கிணற்றடியில் நின்று கெஞ்சியிருக்கிறார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ உங்க உடம்புக்கு?"

"ஒடம்புக்கு இன்னா? கல்லு மாதிரி இருக்கேன். சோறுதான் எறங்கல."

வயிற்றில் பால் வார்த்தது போல் என்பார்களே, அது இதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகை நிற்காமலே சிரிப்பும் வந்து, மூக்கு ஒழுகி, புரை ஏறி, அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு படத்தைக் கெடுத்தான் என் புருஷன்! அவ்வளவுதான்! செத்துப்போகப் போவதில்லை, ஒரு படத்தைக் கெடுத்தான்! நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். நின்றுகொண்டிருந்த அந்த ஆடு பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது.

கூடத்துப் பெண்ணுக்கு வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக்கோடு காட்டியது. பிறகு அவளே கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கும் குரலில், "மேடம், இதுக்கு இனிமே மார்க்கெட்ல விலை சொல்ல முடியாது" என்றாள். "தெரியும்மா. நீ மனசு கஷ்டப்படாத" என்று நான்தான் அவளைத் தேற்றினேன். பணம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தபால்காரி ரத்தம், கணக்குப் போடத்தான் போட்டது. ஆனால் போனை வைத்தபோது தோளில் இருந்து ஒரு மூட்டை இறங்கியிருந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாரிடமும் விலை கேட்க வேண்டாம்.

படத்தை எங்கே வைப்பது என்று அவர் மெதுவாகக் கேட்டார். சமையலறையில் மாட்டச் சொன்னேன். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. கடுகு வெடித்துத் தெறித்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இரண்டரை வருடம் என்னிடம் இருந்த படத்தில், படுத்திருக்கும் ஆடுகளில் ஒன்று கண்ணை மூடி அசை போடுகிறது என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

இருந்தாலும் நான் விடவில்லை. திங்கட்கிழமை விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தம், ஸ்கேன் என்று தலை முதல் கால் வரை பார்க்க வைத்தேன். மதியம் டாக்டர் எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, சர்க்கரை மட்டும் எல்லைக் கோட்டில் நிற்கிறது, வேறு எதுவும் இல்லை, போய்ச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அந்த டாக்டர் சின்னப் பையன். அவன் காலில் விழாத குறை.

வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் அறிக்கைகளை எல்லாம் அடுக்கி பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டேன்.

அவர் கோப்பின் பட்டனை அழுத்தினார். "சொல்லலாம்னு எத்தனையோ வாட்டி வந்தேன். உன் மூஞ்சப் பாத்ததும் திரும்பிடுவேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நாளு பஸ்ஸுல போய்க்கினு இருக்கும்போது நெனச்சேன். இதுக்கு எனக்கு எதனா பெரிய வியாதியா வந்திருந்தா தேவலாம். அதையாச்சும் உன்கிட்ட சொல்லியிருக்கலாம்னு."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு எங்கோ போய்த் தைத்தது. நான் இரண்டு வாரம் எதற்குப் பயந்து செத்தேனோ, அது வந்தால் தேவலாம் என்று இந்த மனுஷன் என் முகத்தைப் பார்த்து நினைத்திருக்கிறார். அவர் சட்டைக் காலரைச் சரி செய்தேன்.

திண்டிவனத்துக்கு பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் தூங்கிவிட்டார். எத்தனை நாள் தூக்கமோ. மேம்பாலத்துப் பக்கம் இறங்கியதும் வண்டிக்காரனிடம் அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கினார். பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை உரித்து வாயில் போட்டவர் திடீரென்று நின்றார். சட்டையைத் தடவினார். இரண்டு கையையும் பார்த்தார். பஸ் போன திசையைப் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை, நேராக.

"ஃபைல பஸ்ஸுலயே வச்சிட்டேன்" என்றார்.

காலையில் இருந்து பட்டினி கிடந்து, ஊசி குத்தி, காசைக் கொட்டி வாங்கிய அறிக்கைகள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நடுரோட்டில் ஆரம்பித்தேன். கையில் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதா, பொட்டலத்தை மட்டும் எப்படிப் பிடிக்கத் தெரிந்தது, பஸ்ஸில் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் இப்படித்தான் ஆகும் என்று தெருமுனை வரைக்கும் திட்டினேன். அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். "ஆமா", "தப்புதான்", "நாளைக்குப் போய் வேற ஒண்ணு வாங்கிக்கினு வர்றேன்" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். நடுநடுவே மல்லாட்டை உரித்துத் தின்றார். எனக்குப் பாதி வழியிலேயே வார்த்தை தீர்ந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்" என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பசிக்கிறது என்றார். நான்கு தோசை சாப்பிட்டார்.